திறன் பயிற்சிக் கூட்டொப்பந்தம்: கையெழுத்துக்கு முன் கேட்டு வாங்க வேண்டியவை

கேள்வி: எங்கள் சங்கத்தில் சிறிய இயந்திரப் பட்டறைகள் உறுப்பினர்களாக உள்ளன. லேத், மில்லிங், வெல்டிங், ஃபிட்டிங் வேலைகளே பெரும்பாலும் நடக்கின்றன. வேலையில்லாத இளைஞர்களுக்கு மூன்று மாதத் திறன் பயிற்சி அளிக்கும் திட்டத்தில் எங்களைத் தொழில் பங்குதாரராகச் சேருமாறு அரசுத் துறை அழைத்திருக்கிறது. கட்டடமும் இளைஞர்களுக்கான உதவித்தொகையும் அரசு தரும். ஒரு தனியார் பயிற்சி முகமை வகுப்புகளை நடத்தும். அதற்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வழங்கப்படும். நாங்கள் ‘இயன்ற ஒத்துழைப்பு’ அளிப்பதோடு, தேறியவர்களில் 70 விழுக்காட்டினருக்கு வேலை கிடைக்க ‘முயற்சி செய்ய’ வேண்டும். வரைவின் சாரம் இதுதான். சம்பளமில்லாமல் ஆள் கிடைக்கிறது, விடாதீர்கள் என்கிறார்கள் உறுப்பினர்களில் சிலர். நாம் பழக்கிவிட்டால் பெரிய ஆலைகள் கொத்திக்கொண்டு போய்விடும் என்கிறார்கள் வேறு சிலர். எல்லாம் புகைப்படத்துக்காகத்தான் என்பது இன்னும் சிலரின் கருத்து. முன்பு இப்படிப்பட்ட வகுப்பில் சான்றிதழ் பெற்று என் பட்டறைக்கு வந்தவர்களுக்கு வெர்னியர் காலிப்பரில் அளவு பார்க்கவே தெரியவில்லை. நாங்கள் கையெழுத்திடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத சங்கச் செயலாளர்

பதில்:

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வரைவு இப்போதுள்ள நிலையில் கையெழுத்திட வேண்டாம். அதற்காகத் திட்டத்தையும் உதறிவிட வேண்டாம். இத்தகைய ஒப்பந்தங்களை வரைவதும், முடிந்தபின் மதிப்பிடுவதும் என் தொழில். நீங்கள் விவரித்துள்ள வரைவில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வகுப்பு முடிந்த அன்றே அரசுக்கு எண்ணிக்கை கிடைத்துவிடுகிறது, முகமைக்குப் பணம் கிடைத்துவிடுகிறது, சங்கத்துக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. பயிற்சி பெற்ற இளைஞர் ஆறு மாதம் கழித்து எந்தப் பட்டறையில் நிற்கிறார், என்ன ஈட்டுகிறார் என்பதைப் பற்றி மூன்று தரப்பில் ஒருவரும் கவலைப்பட வேண்டிய கட்டாயம் அதில் இல்லை. இந்த ஓட்டையை அடைக்க அரசுத் துறை இசைந்தால் கையெழுத்திடுங்கள். உங்கள் கடிதத்தில் வந்திருக்கும் மற்றக் கவலைகள் அனைத்தும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

முதலில், தொழில் நிறுவனங்களை அரசு ஏன் அழைக்கிறது என்பதைப் பார்ப்போம். அரசிடம் இடம் உண்டு, பணம் உண்டு, யாரையும் ஒதுக்காமல் சேர்க்கும் கடமையும் உண்டு. ஆனால் இந்த ஆண்டு பட்டறைகளுக்கு எத்தகைய கைகள் தேவை, எந்த இயந்திரம் வழக்கொழிந்தது, எந்தத் தவறு செய்தால் வேலை திரும்பி வரும் என்பவை அரசுக்குத் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும். இந்த அறிவும் பட்டறைத் தளத்தில் நின்று பழகும் வாய்ப்பும்தாம் நீங்கள் கொண்டுவரும் முதல். சங்கத்தின் பெயரும் முத்திரையும் முதல் ஆகா. ‘இயன்ற ஒத்துழைப்பு’ என்று எழுதியவர் உங்களிடம் கேட்டது பெயரைத்தான். அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்கவில்லை என்றே நான் அதை வாசிக்கிறேன்.

சிலி நாட்டில் 1991-ல் தொடங்கிய ‘சிலி ஹோவன்’ திட்டம் இந்த இடத்தில்தான் வழிகாட்டியாக அமைந்தது. அரசு தானே வகுப்பு நடத்தாமல், பயிற்சி நிறுவனங்களிடமிருந்து ஒப்பந்தப்புள்ளி கோரியது. ஒப்பந்தப்புள்ளியுடன், இத்தனை இளைஞர்களை இத்தனை வாரம் எங்கள் தளத்தில் பழக ஏற்றுக்கொள்கிறோம் என்று நிறுவனங்கள் எழுதித் தந்த உறுதியையும் இணைக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஏற்க ஒரு நிறுவனமும் இல்லாத பாடத்துக்குப் பணமே ஒதுக்கப்படவில்லை. யாருக்கும் தேவைப்படாத பயிற்சிகள் இப்படித் தொடக்கத்திலேயே கழிந்துபோயின. லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவும் இதே அமைப்பைப் பின்பற்றின. கொலம்பியாவின் ‘ஹோவனெஸ் என் அக்ஸியோன்’ திட்டத்தில் மூன்று மாதம் வகுப்பும், அதைத் தொடர்ந்து மூன்று மாதம் நிறுவனத்தில் பழகுதலும் இருந்தன. குலுக்கல் முறையில் இளைஞர்களைப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற பெண்களின் வருவாய் சுமார் 20 விழுக்காடு உயர்ந்திருந்தது. ஆண்களிடம் பலன் அந்த அளவுக்குத் தெரியவில்லை. இவை பெரிய அற்புதங்கள் அல்ல. ஆயினும் வகுப்போடு தளப் பழக்கம் சேர்ந்தால் பலன் கிடைக்க வாய்ப்புண்டு என்பதற்கு நம்பத்தக்க சான்றுகள். உங்கள் வரைவில் வகுப்பு மட்டும்தான் இருக்கிறது. பட்டறையில் பழகும் காலம் எங்கே என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள்.

அடுத்து, பணம் வழங்கும் சரத்து. நீளமாகப் பேச வேண்டிய இடம் இதுதான், ஏனெனில் முகமை எதற்குப் பணம் பெறுகிறதோ அதைத்தான் விளைவிக்கும். சேர்க்கைக்குப் பணம் என்றால் பெயர்ப் பட்டியல் நீளும்; தேர்ச்சிக்குப் பணம் என்றால் தேர்வு எளிதாகும். இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டு, கற்க விரும்புவோர் ஒவ்வொருவருக்கும் தனிக் கற்றல் கணக்கு தொடங்கி, அதிலிருந்து பயிற்சி நிறுவனங்களுக்குப் பணம் செல்லும் திட்டம் ஒன்று வந்தது. பயிற்சி நிறுவனங்களின் தகுதியை முறையாகச் சோதிக்காமல், வேகமாக எண்ணிக்கையைப் பெருக்குவதில் கவனம் சென்றது. கற்பிக்காமலே பணம் பெற்ற மோசடிகள் வெளிப்பட்டதால் 2001 நவம்பரில் திட்டமே மூடப்பட்டது. நேர்மையாகப் பாடம் நடத்தி வந்த சிறு நிறுவனங்களும் அந்த மூடுதலில் அடிபட்டன. தலைக்கணக்கில் கட்டணம் என்ற சரத்து இந்தக் கதையின் முதல் அத்தியாயத்தைத் திரும்ப எழுதுகிறது.

அப்படியானால் வேலை கிடைத்தால்தான் பணம் என்று மாற்றிவிடலாமே என்று தோன்றும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்காவில் 1982-ல் இயற்றப்பட்ட வேலைப் பயிற்சிக் கூட்டுச் சட்டம், பயிற்சி முகமைகளை வேலைவாய்ப்பு விகிதத்தை வைத்து அளந்தது. பயிற்சி இல்லாமலே வேலை பெறக்கூடியவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் ஆசை முகமைகளுக்கு அதனால் ஏற்பட்டது. வேலை கிடைக்காதவரின் பயிற்சிப் பதிவை உடனே முடிக்காமல் இழுத்தடித்து, தங்கள் கணக்குக்கு உகந்த வேளையில் முடித்துக்கொண்ட முகமைகளும் இருந்தன என்று பின்னாளில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பயிற்சி முடிந்த சில வாரங்களில் எடுத்த அளவுகள், அந்தப் பயிற்சி நெடுங்காலத்தில் என்ன பயன் தந்தது என்பதைச் சரியாகக் காட்டவில்லை என்பதும் தெரியவந்தது. பள்ளியை விட்டு வெளியேறிய இளைஞர்களைப் பொறுத்தவரை, அத்திட்டத்தின் மீதான பெரிய ஒப்பீட்டு ஆய்வில் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தென்படவில்லை.

இந்த இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே செல்லும் வழியை நேபாளத்தில் 2008-ல் தொடங்கிய ‘வேலைவாய்ப்பு நிதி’ ஓரளவு கண்டுபிடித்தது. பயிற்சி நிறுவனத்துக்குரிய தொகை ஒரேயடியாக வழங்கப்படவில்லை. ஒரு பகுதி பயிற்சியும் திறன் தேர்வும் முடிந்தபின் கிடைத்தது. மீதி, பயின்றவர் வேலையில் இருக்கிறாரா, நிர்ணயித்த அளவு வருமானம் ஈட்டுகிறாரா என்பதைச் சில மாதங்கள் கழித்து நேரில் சரிபார்த்த பின்னரே கிடைத்தது. எளிதில் வேலை கிடைக்காத பின்தங்கிய பிரிவினரைச் சேர்த்தால் கூடுதல் ஊக்கத்தொகை உண்டு. எளிய ஆள்களை மட்டும் பொறுக்கும் ஆசையைப் பணத்தைக் கொண்டே முறிக்கும் ஏற்பாடு இது.

உங்கள் வரைவிலும் இதைக் கேட்கலாம். கட்டணத்தில் கணிசமான பங்கு, என் கருத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல், பயிற்சி முடிந்து ஆறாவது மாதத்தில் வேலையில் இருப்பதைச் சரிபார்த்த பிறகே முகமைக்குச் செல்ல வேண்டும். அதைவிட மிக அதிகப் பங்கை நிறுத்திவைத்தால், கையில் முதல் இல்லாத சிறிய பயிற்சி நிறுவனங்கள் நுழையவே முடியாது; பெரிய முகமைகள் மட்டுமே எஞ்சும். சரிபார்ப்பவர் முகமையின் ஊழியராகவும் இருக்கக் கூடாது, உங்கள் சங்கத்தினராகவும் இருக்கக் கூடாது. ‘வேலை’ என்பதற்கு ஒப்பந்தத்திலேயே விளக்கம் வேண்டும். பணி நியமன ஆணையின் நகல் போதாது. ஊதியம் வங்கிக் கணக்கில் வரவானதற்கான சான்று வேண்டும். சொந்தமாகத் தொழில் தொடங்கியவரையும் கணக்கில் கொள்ளலாம், ஆனால் அதற்கு வருமானச் சான்று வேண்டும். 70 விழுக்காடு என்று எழுதும்போது எதில் 70 என்பதையும் தெளிவாக்குங்கள். தேறியவர்களில் 70 என்றால், நடுவில் விலகியவர்களும் தேறாதவர்களும் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். சேர்ந்தவர்களில் என்று எழுதினால் விகிதம் இறங்கும். அந்தக் குறைந்த எண்தான் உண்மைக்கு நெருக்கமானது. ‘முயற்சி செய்ய வேண்டும்’ என்ற சொற்றொடர் நீதிமன்றத்திலும் நிற்காது, மனசாட்சியிலும் நிற்காது. அதை எடுத்துவிட்டு, உங்கள் உறுப்பினர்கள் உண்மையில் தரக்கூடிய இடங்களின் எண்ணிக்கையை எழுதுங்கள்.

வெர்னியர் காலிப்பர் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரி, முழு வரைவையும்விட அதிகம் சொல்கிறது. அந்த இளைஞர்கள் எந்தத் தேர்வில் தேறினார்கள், தேர்வை நடத்தியவர் யார் என்று விசாரித்தால், பாடம் எடுத்த நிறுவனமோ அதன் நிழலில் இயங்கும் இன்னொன்றோ நடத்தியிருக்கும் என்றே ஊகிக்கிறேன். கற்பிப்பவரே மதிப்பெண்ணும் போட்டு, அந்த மதிப்பெண்ணுக்குப் பணமும் பெறும் ஏற்பாட்டில் சான்றிதழுக்கு மதிப்பு இருக்காது. ஜெர்மனியில் 1969-ஆம் ஆண்டின் தொழிற்கல்விச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேர்வுக் குழுக்களில் முதலாளிகளின் பிரதிநிதிகளும் தொழிலாளர்களின் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் அமர்கிறார்கள். அவர்களுடன் குறைந்தது ஒரு தொழிற்பள்ளி ஆசிரியரும் இருக்கிறார். தேர்வை நடத்துவது தொழில் வர்த்தகச் சபை போன்ற அமைப்பு. பயிற்சி கொடுத்த நிறுவனம் அல்ல. உங்கள் சங்கம் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள பணி இதுதான் என்பேன். உறுப்பினர்களில் கைதேர்ந்த ஃபோர்மேன் இருவர், தொழிலாளர் தரப்பில் இருவர், அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தின் ஆசிரியர் ஒருவர் என்று ஒரு குழு அமைத்து, செய்முறைத் தேர்வை அவர்கள் நடத்தட்டும். ஒரு டிராயிங்கையும் ஒரு இரும்புத் துண்டையும் கையில் கொடுத்து, குறித்த அளவுக்குள் முடித்துத் தரச் சொன்னால், பாதி நாளில் உண்மை தெரிந்துவிடும். அப்படித் தேறி வரும் சான்றிதழை உங்கள் உறுப்பினர்கள் நம்புவார்கள். நம்பினால்தான் அதைப் பார்த்து வேலையும் கொடுப்பார்கள்.

மூன்று மாதத்தில் என்ன கற்க முடியும் என்பதிலும் பொய் வேண்டாம். ஜெர்மனியில் இத்தகைய தொழிலுக்கான பயிற்சி மூன்று முதல் மூன்றரை ஆண்டுகள் நீடிக்கிறது. அங்கே இளைஞர் வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளியிலும் மற்ற நாள்களில் நிறுவனத்திலும் இருக்கிறார். மூன்று மாதத்தில் லேத் இயக்குநரை உருவாக்கிவிட்டதாக எழுதுவது, எழுதுபவருக்கே தெரிந்த பொய். அந்தக் காலத்துக்குள், அளவு பார்த்தல், டிராயிங் வாசித்தல், பின்னமும் தசமமும் தடுமாறாமல் கணக்கிடுதல், பாதுகாப்பு விதிகள், ஒரே ஒரு பிரிவில் அடிப்படைக் கைப்பழக்கம் ஆகியவற்றைச் செம்மையாகக் கொடுக்கலாம். வெல்டிங் என்றால் எல்லா நிலைகளிலும் என்று பாடத்திட்டத்தை நிரப்பாமல், கிடைநிலையில் ஒழுங்கான பற்று போடுமளவுக்குப் பழக்கினால் போதும்; மற்றவற்றை வேலையில் நின்று கற்பார். கணக்கில் தடுமாறும் இளைஞர்களுக்கு முதல் இரண்டு வாரம் கணக்கே பாடமாக இருக்கட்டும். இது பயிற்சி முகமைகளுக்குப் பிடிக்காது, ஏனெனில் புகைப்படத்தில் இயந்திரம் வராது.

இனி உங்கள் உறுப்பினர்களின் வாதங்களுக்கு வருகிறேன். சம்பளமில்லாத ஆள் என்று கணக்குப் போடுபவர்களிடம் கண்டிப்பாகப் பேச வேண்டும். பிரிட்டனில் 1983-ல் வந்த இளைஞர் பயிற்சித் திட்டம், குறைந்த உதவித்தொகையில் ஆள் கிடைக்கும் வழியாக நிறுவனங்கள் அதைப் பயன்படுத்திக்கொள்கின்றன என்ற கண்டனத்தைக் கடைசிவரை சுமந்தது. பயிற்சியாளரைக் காட்டி நிரந்தரத் தொழிலாளரை வெளியேற்றினால், அரசின் பணத்தில் ஓரிடத்தில் வேலையைப் பறித்து இன்னோரிடத்தில் கொடுத்ததாகவே முடியும். பழக வரும் இளைஞர் ஆள் பற்றாக்குறையை நிரப்ப வந்தவர் அல்லர் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். அனுபவமுள்ள இத்தனை தொழிலாளருக்கு ஒரு பயிற்சியாளர் என்ற வரம்பு, மேற்பார்வை இல்லாமல் இயந்திரத்தை இயக்கக் கூடாது என்ற விதி, ஓவர்டைம் இல்லை என்ற உறுதி, அன்றாடம் கற்றதைக் குறிக்கும் பதிவேடு, விபத்துக் காப்பீடு ஆகியவை வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2023-ல் நிறைவேற்றிய 208-ஆம் எண் பரிந்துரை, தரமான தொழிற்பழகுநர் பயிற்சிக்கு எழுத்துபூர்வ ஒப்பந்தம், தகுந்த ஊதியம், வேலை நேர வரம்பு, காயம்பட்டால் இழப்பீடு போன்றவற்றை வலியுறுத்துகிறது. உங்கள் வரைவுக்கு அது நல்ல உரைகல். விரல் போன ஒரு பயிற்சியாளர் விஷயத்தில் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு வரைவில் விடை இல்லையென்றால், மற்ற எதையும் பேசுவதற்கு முன் அதற்கு விடை வாங்குங்கள்.

பழக்கிவிட்டபின் பெரிய ஆலை கொத்திக்கொண்டு போகும் என்ற அச்சம் இதைவிட நியாயமானது. பொருளியலாளர் கேரி பெக்கர் 1964-லேயே இதை எடுத்துப் பேசினார். எங்கும் செல்லுபடியாகும் திறனைப் பழக்கும் செலவை ஒரு நிறுவனம் தானாக ஏற்காது, ஏனெனில் அதன் பலனைத் தொழிலாளரும் அடுத்த நிறுவனமும் அனுபவிப்பார்கள் என்பது அவரது வாதம். அரசுப் பணம் இதில் நுழைவதற்கு உண்மையான காரணமே இதுதான். எனவே பொதுத் திறனுக்கான செலவை அரசு ஏற்கட்டும், உங்கள் இயந்திரத்துக்கே உரிய பழக்கத்துக்கான செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது பொருத்தமான பங்கீடு. வேறு சில நாடுகள் இந்தச் சிக்கலை வரி மூலம் தீர்த்துக்கொண்டன. பிரேசிலில் 1942-ல் தொடங்கப்பட்ட ‘செனாய்’ என்னும் தொழிற்பயிற்சி அமைப்பு, தொழில் நிறுவனங்களின் ஊதியப் பட்டியலில் 1 விழுக்காட்டை வசூலித்து, தொழிலதிபர்களின் கூட்டமைப்புகளாலேயே நிர்வகிக்கப்படுகிறது. பழக்கும் நிறுவனமும் கொத்திச் செல்லும் நிறுவனமும் அங்கே ஒரே பெட்டியில் பணம் போடுகின்றன. உங்கள் பகுதியின் பெரிய ஆலைகளையும் இந்தத் திட்டத்தில் நிதிப் பங்குதாரராகச் சேர்க்குமாறு அரசுத் துறையிடம் கேட்பது முறையற்ற கோரிக்கை அல்ல.

ஆனால் இந்த அச்சத்தால், பயிற்சி முடித்தவர் இத்தனை ஆண்டு வெளியேறக் கூடாது என்று பத்திரம் எழுதி வாங்க நினைக்காதீர்கள். சான்றிதழை நிறுவனத்தில் வைத்துக்கொள்ளவும் நினைக்காதீர்கள். உகாண்டாவில் நடந்த ஒரு கள ஆய்வின் முடிவுகள் 2020-ல் வெளியாயின. ஒரு பிரிவு இளைஞர்கள் தொழிற்பள்ளியில் பயின்று சான்றிதழ் பெற்றார்கள். இன்னொரு பிரிவினர் நிறுவனங்களிலேயே பழகினார்கள். எப்பயிற்சியும் பெறாதவர்களைவிட இரு பிரிவினரும் முன்னேறினார்கள். நிறுவனத்தில் பழகியவர்கள் விரைவாக வேலையில் அமர்ந்தார்கள். ஆயினும், கற்ற திறனை வெளியே காட்டச் சான்றிதழ் வைத்திருந்தவர்கள் ஒரு வேலையை இழந்தபோதும் அடுத்ததை விரைவில் பிடித்தார்கள். நாள்பட அவர்களின் வருவாயே மேலோங்கியது. இளைஞரின் பக்கமிருந்து பார்த்தால் எங்கும் எடுத்துச் செல்லத்தக்க சான்றிதழ்தான் பெரிய சொத்து. உங்கள் பக்கமிருந்து பார்த்தாலும் நிலைமை அவ்வளவு மோசமில்லை. சுவிட்சர்லாந்தில் நிறுவனங்களின் செலவையும் வரவையும் கணக்கிட்ட ஆய்வுகளின்படி, பழகும் காலத்திலேயே இளைஞர் செய்து தரும் வேலையின் மதிப்பு, சராசரி நிறுவனத்தின் பயிற்சிச் செலவை ஈடுகட்டிவிடுகிறது. அது நீண்ட காலப் பயிற்சிக்கான கணக்கு. மூன்று மாதத்தில் அப்படி ஆகாது. அதனால்தான் வகுப்புக்குப் பின் ஆறு மாதமாவது ஊதியத்துடன் கூடிய பழகுநர் காலம் வேண்டும் என்கிறேன். வெளியேறுபவர்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் மதிப்பிட்ட திட்டங்களில் பட்டறையை விட்டுப் போனவர்களிடம் காரணம் கேட்டால், பெரிய ஆலையின் சம்பளத்துக்கு முன்னால், முதல் மாதத்தில் தளத்தில் தங்களை நடத்திய விதத்தையே பலரும் சொன்னார்கள். ஏவல் வேலைக்கு மட்டும் அனுப்பப்பட்ட இளைஞர் அங்கே தங்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

புகைப்படத்துக்காகத்தான் என்று சொல்பவர்களை நான் மறுக்க மாட்டேன். பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. இந்தியாவில் 2007–08 முதல் 1396 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களைத் தொழில் பங்குதாரர்களுடன் இணைத்து மேம்படுத்தும் திட்டம் நடந்தது. தொழில் பங்குதாரர் தலைமையில் ஒரு நிறுவன மேலாண்மைக் குழு அமைக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டரைக் கோடி ரூபாய் வரை வட்டியில்லாக் கடன் வழங்கப்பட்டது. காகிதத்தில் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே அதிகாரம்தான். ஆனால் கூட்டத்துக்கு வந்து, பாடத்தைப் பார்த்து, தன் ஆலையின் வாயிலைத் திறந்துவிட்ட தலைவரும், ஆண்டுக்கு ஒரு முறை கையெழுத்து மட்டும் போட்ட தலைவரும் ஒரே பலனைத் தந்திருக்க முடியாது. உங்கள் சங்கத்தில் இதற்கென்று மாதத்தில் சில நாள் ஒதுக்கக்கூடிய ஒருவர் இருக்கிறாரா? இல்லையென்றால், மற்றச் சரத்துகள் எல்லாம் திருத்தப்பட்டாலும் நான் தயங்குவேன்.

பயிற்றுநர்களைப் பற்றி வரைவில் ஒன்றும் இல்லை என்பது எனக்கு வியப்பளிக்கவில்லை. பெரும்பாலான வரைவுகளில் இருப்பதில்லை. முகமை நியமிக்கும் இளம் பட்டதாரி, தான் தொடாத இயந்திரத்தைப் பற்றிப் பலகையில் எழுதுவார். உங்கள் மூத்த தொழிலாளருக்கு எல்லாம் தெரியும், ஆனால் சொல்லிக் கொடுக்கப் பழக்கமில்லை. ஜெர்மனியில் நிறுவனத்துக்குள் பழக்குபவர்களுக்கும் கற்பிக்கும் தகுதிக்கான தேர்வு இருக்கிறது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், ஒரு வாரக் கற்பித்தல் பயிற்சியும், அந்த நேரத்தில் அவர் இழக்கும் உற்பத்தி ஊக்கத்தொகைக்கு ஈடும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். தன் வருமானத்தை இழந்து யாரும் மனமுவந்து பழக்க மாட்டார்கள். அப்படி எதிர்பார்ப்பதும் சரியல்ல.

இளைஞர்கள் நடுவில் விலகுவதற்கு அக்கறையின்மையைக் காரணமாகச் சொல்வது வழக்கம். பெரும்பாலும் காரணம் பணமும் நேரமும்தான். பயணச் செலவு, வீட்டுக்குத் தர வேண்டிய அன்றாடக் கூலி, உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் போவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் எவரும் விலகுவார்கள். உதவித்தொகை முகமை வழியாக வராமல் நேராக இளைஞரின் கணக்குக்கு வாரந்தோறும் அல்லது மாதந்தோறும் வர வேண்டும். பெண்களைச் சேர்க்க அரசு விரும்பினால், கழிப்பறையும் பாதுகாப்பான போக்குவரத்தும் பகல் நேர வகுப்பும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு இலக்கை எழுதட்டும். கொலம்பியாவில் அதிகப் பலன் பெற்றவர்கள் பெண்கள் என்பதை உங்கள் உறுப்பினர்களுக்கு நினைவூட்டலாம். இயந்திரப் பட்டறைக்குப் பெண்கள் எதற்கு என்று கேட்பவர்கள் உங்கள் சங்கத்திலும் இருப்பார்கள்.

அரசின் பக்கத்து வழக்கமான குறை தாமதம். தவணை நாள், அது தவறினால் என்ன, அதிகாரி மாறினால் யார் பொறுப்பு, திட்டம் நடுவில் நின்றால் சேர்ந்துவிட்ட இளைஞர்களின் கதி என்ன, வாங்கிய இயந்திரங்கள் யாருக்குச் சொந்தம் என்பவற்றை எழுதி வாங்குங்கள். ஒரு தரப்பு விலகுவதற்கான வழியும் இருக்கட்டும், ஆனால் நடந்துகொண்டிருக்கும் அணியின் பயிற்சி முடிந்த பின்னரே விலகலாம் என்ற கட்டுப்பாட்டோடு.

எல்லாம் சரியாக அமைந்தாலும் எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். துருக்கியில் வேலையற்றோருக்கான பெரிய அளவிலான தொழிற்பயிற்சித் திட்டத்தைக் குலுக்கல் முறையில் ஆராய்ந்தபோது, வேலைவாய்ப்பில் சராசரிப் பலன் மிகச் சிறியதாகவே இருந்தது. தனியார் நடத்திய வகுப்புகளில் தொடக்கத்தில் பலன் கூடுதலாகத் தெரிந்தாலும் மூன்று ஆண்டுகளுக்குள் அது தேய்ந்துபோனது. பயிற்சி தானாக வேலையை உண்டாக்காது; இருக்கும் வேலைக்கு ஆளைத் தகுதியாக்க மட்டுமே அதனால் முடியும். காலியிடமே இல்லாத இடத்தில் பயிற்சி கொடுத்தால் வரிசையில் நிற்பவர்களின் இடம் மாறுமே தவிர வரிசை குறையாது.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு முன் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் உறுப்பினர் ஒவ்வொருவரிடமும், வரும் ஓராண்டில் ஊதியம் கொடுத்து எத்தனை பேரை, எந்த வேலைக்கு எடுப்பார் என்று பெயரோடும் கையெழுத்தோடும் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லில் பெரிதாக இருக்கும் எண்ணிக்கை, கையெழுத்து என்றதும் சுருங்கும். சுருங்கிய எண்ணிக்கையைத்தான் நம்ப வேண்டும். அது ஓர் அணிக்குக் கூடப் போதாது என்றால், இந்த ஆண்டு தொழில் பங்குதாரராகக் கையெழுத்திடாமல், தேர்வுக் குழுவில் மட்டும் இடம் கேளுங்கள். போதுமென்றால், அந்த எண்ணிக்கைக்கு மேல் ஒருவரையும் சேர்க்கக் கூடாது என்பதை முதல் நிபந்தனையாக வைத்து, ஆறாம் மாதச் சரிபார்ப்பு, சுதந்திரமான செய்முறைத் தேர்வு, ஊதியத்துடன் கூடிய பழகுநர் காலம், விபத்துப் பொறுப்பு ஆகிய நான்கையும் திருத்தங்களாக எழுதி அரசுத் துறைக்கு அனுப்புங்கள். முகமையையும் அதே கூட்டத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள். ஆறாம் மாதச் சரத்தைக் கேட்டதும் அவர்கள் தரும் பதிலிலிருந்து, யாருடன் கூட்டுச் சேரப்போகிறீர்கள் என்பது உங்களுக்கு விளங்கும்.